ஆப்பரேட்டர் பதில்கள்

கேள்வி: ‘ஆப்பரேட்டர் பதில்கள்’ என்று பெயர் வைத்திருக்கிறீர்களே, நீங்கள் என்ன ஆப்பரேட்டர்? டெலிபோனா?
– தெலுக் இந்தான் வாசகர்

டெலிபோன் இல்லை, படம் ஓட்டுகிற ஆப்பரேட்டர். 1971-லிருந்து பதினான்கு வருடம், 16 எம்.எம். மெஷினையும் ஜெனரேட்டரையும் வேனில் ஏற்றிக்கொண்டு, மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் திடல் படம் காட்டினேன். ஒரே மெஷின் என்பதால் ஒவ்வொரு சுருள் முடிந்ததும் விளக்கைப் போட்டு நிறுத்த வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் கச்சாங் பூத்தே (கடலை) விற்கிறவர் என்னைவிட அதிகம் சம்பாதித்தார். வீடியோ வந்தது, வேன் நின்றது. அப்புறம் செம்பனை ஆலையில் ஸ்டோர் வேலை. இப்போது தாமான் வீட்டில் உட்கார்ந்து உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ‘த மஞ்சூரியன் கேண்டிடேட்’ என்று 1962-ல் வந்த அமெரிக்க அரசியல் த்ரில்லரை 2004-ல் மறுபடி எடுத்தார்கள். என் பேரன் புதியதைப் பார்த்துவிட்டு, “அந்தக் கறுப்பு வெள்ளையில இதுக்கு மேல என்ன தாத்தா இருக்கப்போவுது?” என்கிறான். நல்ல பழைய படத்தை மறுபடி எடுப்பதில் பிரயோஜனம் உண்டா?
– கோலகங்சார் வாசகர்

இந்தப் படத்தை வைத்துக் கேட்டால் பாதி மார்க் போடுவேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

கதை தெரியாதவர்களுக்காக: கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்கச் சிப்பாய்களைக் கம்யூனிஸ்டுகள் மூளைச்சலவை செய்து ஊருக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். அவர்களில் ஒருவன் சீட்டுக்கட்டில் டைமன் ராணியைப் பார்த்துவிட்டால் போதும், சொன்னதைச் செய்வான். கொல்லச் சொன்னால் கொல்வான், செய்தது நினைவில் நிற்காது. அவனுக்கு ஓர் அம்மா. இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்ட அரசியல்வாதியை ஏணி வைத்து மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும் அம்மா. அந்த வேடத்தில் ஆஞ்சலா லான்ஸ்பரி. மகனாக நடித்த லாரன்ஸ் ஹார்விக்கும் அவருக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். நம் தமிழ்ப் படம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை.

ரிச்சர்ட் காண்டன் 1959-ல் எழுதிய நாவல், ஜான் ஃபிராங்கன்ஹைமர் எடுத்த படம். வெளிவந்தது 1962 அக்டோபர். கியூபாவில் ரஷ்ய ஏவுகணை என்று உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அதே மாதம். கொட்டகைக்குள் பயந்தவன் வெளியே வந்தும் அதே ஆளைப் பார்த்துத்தான் பயந்திருப்பான்.

நான் அதை 1990 வாக்கில், ஈப்போவில் வாடகைக்கு எடுத்த வீடியோ காசெட்டில் பார்த்தேன். ஒரு காட்சி: மாதர் சங்கக் கூட்டம், ஓர் அம்மாள் பூச்செடி வளர்ப்பது பற்றிப் பேசுகிறார். சிப்பாய்கள் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருக்கிறார்கள். கேமரா மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது. திரும்பி வரும்போது அம்மாளைக் காணோம், ரஷ்ய, சீன அதிகாரிகள் இருக்கிறார்கள். சிப்பாய்கள் கண்ணுக்கு மட்டும் இன்னும் பூச்செடி. சுருளை மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றிவிட்டது.

இன்னொரு காட்சி. அந்த அரசியல்வாதிக்கு, அரசாங்கத்தில் எத்தனை கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை ஒவ்வொரு மேடையிலும் மாறிப்போகிறது. மனதில் நிற்கிற மாதிரி ஒரே எண்ணாகக் கொடு என்று மனைவியைக் கெஞ்சுகிறார். மேசையில் தக்காளி சாஸ் புட்டி, அதில் அந்தக் கம்பெனியின் 57 என்ற எண். மறுநாள் சபையில் முழங்குகிறார்: ஐம்பத்தேழு பேர்!

சிரித்தேன், பாதியில் நின்றுவிட்டது. எங்கள் ஊர்க்காரருக்குக் காரணம் தெரியும். 1948 ஜூன் 16-ல் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் நாடு முழுக்க அவசரகாலம், 1960 வரை நீடித்தது. நான் பிறந்த தொழிலாளர் லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டிலிருந்து வருகிற கம்யூனிஸ்டுக்கு அரிசி கொடுத்தால் போலீஸ் பிடிக்கும், கொடுக்காவிட்டால் அவன் விடமாட்டான். பால் மரம் சீவிக்கொண்டிருந்த என் பெரியப்பா ஒன்பது மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். யாரோ எழுதிய பட்டியலில் யாரோ சொன்ன பெயர். எந்தப் புட்டியைப் பார்த்து எண்ணினார்களோ!

சரி, 2004-க்கு வருவோம். ஜோனதன் டெம்மி இயக்கம், டென்சல் வாஷிங்டன், அம்மாவாக மெரில் ஸ்ட்ரீப். கொரியா போய் குவைத் போர் வந்தது. கம்யூனிஸ்டுகள் போய் ஒரு பெரிய கம்பெனி வந்தது. இங்கேதான் அந்தப் பாதி மார்க். துரையைவிடக் கம்பெனிக்குப் பயந்த காலத்தையும் நாங்கள் பார்த்தவர்கள். ஒரு நாள் பிரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போனால் தோட்டம் கைமாறிவிட்டது என்பார்கள். வாங்கியது யார், எந்த ஊர், முகம் எப்படி என்று தோட்டத்துக் கணக்கர் கிராணிக்கே தெரியாது. ஆகவே வில்லன் கம்பெனி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆனால் சீட்டுக்கட்டை எடுத்துவிட்டு உடம்புக்குள் சில்லு வைத்துவிட்டார்கள். சில்லு என்றால் டாக்டரிடம் போய் எடுத்துவிடலாம், டைமன் ராணியை எப்படி எடுப்பது? அதைவிடப் பெரிய நட்டம் இன்னொன்று. பழைய படத்தில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகத் தொண்டை கிழியக் கத்துகிற கூட்டமே கம்யூனிஸ்டுகளின் கைப்பாவை. அது தெரியவரும் இடத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொள்வோம். புதியதில் கம்பெனி அரசியல்வாதியை விலைக்கு வாங்குகிறது. இதற்கு யார் திடுக்கிடுவார்கள்? கோப்பிக்கடையில் தினமும் பேசுவதுதானே!

பேரனுக்குப் பழையதைப் போட்டுக் காட்டுங்கள். கைப்பேசியை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு டைரக்டர் தன் படத்தைத் தானே மறுபடி எடுப்பது சரியா?
– தாப்பா வாசகர்

ஹிட்ச்காக் செய்தார். ஓர் அரசியல் கொலைத் திட்டம் தெரியவந்த குடும்பத்தின் கதையை 1934-ல் இங்கிலாந்தில் எடுத்தார், 1956-ல் அமெரிக்காவிலிருந்து மறுபடி எடுத்தார். பெயரும் அதே, ‘த மேன் ஹூ நியூ டூ மச்’. தன் சமையலில் உப்பு குறைந்தது அவரவருக்குத்தானே தெரியும். கைகாரர்கள் செய்யட்டும்.

கேள்வி: தமிழில் மறுபடி எடுக்கத் தகுந்த அரசியல் த்ரில்லர் எது? ‘முதல்வன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.
– ஆசிரியை, சுங்கை சிப்புட்

சொல்லமாட்டேன் டீச்சர். அதைத்தான் ஷங்கரே 2001-ல் ஹிந்தியில் எடுத்துப் பார்த்துவிட்டாரே. என் தேர்வு ‘அந்த நாள்’. 1954, ஏவி.எம். தயாரிப்பு, எஸ்.பாலசந்தர் இயக்கம். பாட்டே கிடையாது. 1943-ல் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயத்தில், ராஜன் என்ற ரேடியோ என்ஜினியர் சுடப்பட்டுக் கிடக்கிறார். அது சிவாஜி. ஒவ்வொருவராக விசாரிக்க, ராஜன் ஜப்பானுக்கு ரகசியம் அனுப்பிய உளவாளி என்று தெரியவருகிறது. தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்ற கோபம் அவருக்கு. சுட்டது யார் என்று சொல்லமாட்டேன், உங்கள் வகுப்புப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

இந்தப் படத்தை ஒரு தோட்டத்தில் நான் ஓட்டியிருக்கிறேன், 1974 என்று நினைவு. வேறு படம் வரவேண்டியது, ஈப்போவிலிருந்து பெட்டி மாறி வந்துவிட்டது. அரை மணி நேரம் பாட்டு வராததால் முன்வரிசை இளவட்டம் விசிலடிக்க ஆரம்பித்தது. ஒருவன் என் மெஷின் பக்கம் வந்து, “அண்ணே, பாட்டையெல்லாம் வெட்டிட்டீங்களா?” என்று கேட்டான். கிழவர்கள் மட்டும் அசையவில்லை.

ராஜன் ஜப்பானுக்கு வேலை செய்தவன் என்பது வெளிப்பட்ட பிறகு சுருள் மாற்ற விளக்கைப் போட்டேன். நேதாஜி படையில் இருந்த ஒருவர் எழுந்தார். காக்கிக் கால்சட்டையைக் கடைசிவரை விடாத மனிதர். “வெள்ளைக்காரனை வெரட்ட சப்பான்காரனைக் கூப்புட்டா அது துரோகமா? அப்போ நாங்க யாரு?” என்று பொதுவாகக் கேட்டார். யாரைப் பார்த்துக் கேட்டார் என்று தெரியாது. திரையைப் பார்த்து என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்த பாட்டி உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னது. “நீ பட்டாளத்துக்குப் போன. எம் புருசன் சயாமுக்குப் போனாரு. ரெண்டு பேரையும் கூப்புட்டவன் ஒருத்தந்தான்.”

அப்புறம் யாரும் பேசவில்லை. சுருளை மாட்டி முடித்தும் நான் ஸ்விட்சைப் போடாமல் நின்றேன். கங்காணிதான் “ஓட்டுப்பா” என்றார்.

அந்தப் பாட்டி சொன்னது என் வீட்டுக் கதையும்கூட. என் அம்மாவின் அண்ணன் ஜப்பான்காரன் போட்ட அந்த சயாம், பர்மா ரயில் பாதைக்குப் போனவர், திரும்பவில்லை. 415 கிலோமீட்டர் பாதை, மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரமாயிரமாய்ச் செத்த பாதை. அது இணைந்து முடிந்தது 1943 அக்டோபர். சென்னையில் குண்டு விழுந்ததும் அதே மாதம்தான். அதே வருடம் ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி பேசக் கேட்டு நம் தோட்டத்துப் பெண்பிள்ளைகள்கூடத் துப்பாக்கி தூக்கினார்கள். நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பன் அம்மையாருக்கு இந்திய அரசு 2000-ல் பத்மஸ்ரீ கொடுத்தது.

ஆகவே ராஜன் துரோகி என்று சென்னையில் தீர்ப்பெழுதி முடித்துவிட்டார்கள். சென்னைக்கு அது சரி. எங்கள் லயத்தில் எதிரெதிர் வீட்டில் அந்த வழக்கு முடியாமல் கிடந்தது. மறுபடி எடுப்பவர் இங்கே வந்து எடுக்கட்டும். ராஜனுக்கு ஒரு தங்கை சிரம்பான் பக்கத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள், அவள் புருசன் சயாமில் என்று வைத்தாலே கதை வேறு இடத்துக்குப் போய்விடும். விசாரிக்க வரும் போலீஸ்காரருக்குக்கூட யாரைப் பிடிப்பது என்று கை நடுங்க வேண்டும்.

பாட்டு மட்டும் சேர்க்க வேண்டாம். ஹீரோ நடந்து வர மெதுவாக ஓடும் காட்சியும் வேண்டாம்.

கேள்வி: நம் நாட்டில் அரசியல் த்ரில்லர் எடுத்தால் வெளியே வருமா?
– ஈப்போ கல்லூரி மாணவர்

தம்பி, 2001-ல் ‘ஜூலாண்டர்’ என்று ஓர் அமெரிக்கக் காமெடி. மூளை காலியான ஒரு மாடல் அழகனை மூளைச்சலவை செய்து, ஒரு பாட்டைக் கேட்டதும் மலேசியப் பிரதமரைக் கொல்ல ஏவிவிடுகிறார்கள். மேலே சொன்ன மஞ்சூரியன் கதையேதான், டைமன் ராணிக்குப் பதில் பாட்டு. அதற்கே இங்கே தடை. 2016-ல் ‘கபாலி’ வந்தபோது, இங்கே காட்டிய பிரதியின் கடைசியில் கபாலி போலீஸில் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டார்கள். நான் பார்த்த கொட்டகையில் அந்த எழுத்துக்குத்தான் பலத்த கைத்தட்டல், கிண்டலாக.

எனவே மந்திரியைச் சுடுகிற கதையோடு போகாதே. எழுபது, எண்பது வருடம் பழசான கதையை எடு. பழைய காலம் என்றால் யாருக்கும் முகம் சிவக்காது. அவசரகாலத்தில் ஒரு பெயர்ப் பட்டியல் எப்படித் தயாரானது என்று ஒன்றரை மணி நேரப் படம் எடுத்தால் முதல் டிக்கெட் நான் வாங்குகிறேன். பெரியப்பாவுக்கும் சேர்த்து இரண்டு.

கேள்வி: திடல் படத்துக்கு 20 காசு வாங்கியதாகப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். எங்கள் தோட்டத்தில் நீங்கள் 30 காசு வாங்கினீர்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.
– கம்பார் வாசகி

அம்மா, 30 காசு திரைக்கு முன்னால். நீங்கள் சொல்வது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். திரைக்குப் பின்னால் புல்லில் உட்கார்ந்தவர்களுக்கு 20. அங்கே படம் இடம் வலமாகத் தெரியும், எம்.ஜி.ஆர். இடது கையில் வாள் வீசுவார். என் சம்சாரம் கல்யாணத்துக்கு முன்னால் 20 காசு கட்சி. அவர் இடதுகைக்காரர் என்று இன்றைக்கும் வாதாடுகிறாள்.