கேள்வி – பதில்: உரிமை கேட்டு எழுந்த பாரிஸ் கில்லட்டினில் போய் நின்றது ஏன்?

கேள்வி: மனித உரிமைகளை உலகுக்கு அறிவித்த பிரெஞ்சுப் புரட்சி நான்கே ஆண்டுகளில் பயங்கர ஆட்சியாக மாறியது என்று படிக்கிறோம். பசித்த கூட்டம் ஆத்திரத்தோடு எழுந்தால் இப்படித்தான் முடியும் என்று எங்கள் வகுப்பில் ஒருவர் வாதிட்டார். அது சரியா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: என்னால் அதை ஏற்க முடியவில்லை. பசி இருந்தது உண்மை. 1788 ஜூலையில் பெய்த ஆலங்கட்டி மழை, விளைந்து நின்ற கோதுமையை அடித்துப் போட்டது; அடுத்து வந்த குளிர்காலமும் மிகக் கடுமையாக இருந்தது. 1789 பிப்ரவரியில் பாரிஸில் நான்கு பவுண்டு ரொட்டி ஒன்றின் விலை 14 சூவை (சூ என்பது அன்றைய பிரெஞ்சுக் காசு) தாண்டியபோது, கூலித் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளம் 20 முதல் 30 சூதான். கூலியில் பாதி ஒரு ரொட்டிக்கே போனால் வாடகைக்கும் விறகுக்கும் என்ன மிஞ்சும்? அரசின் நிலையும் மோசம். அமெரிக்க விடுதலைப் போருக்கும் அதற்கு முந்தைய போர்களுக்கும் வாங்கிய கடனுக்காகவே வருமானத்தில் ஏறத்தாழ பாதி கரைந்துகொண்டிருந்தது. வேறு வழியின்றித்தான் பதினாறாம் லூயி, 1614-க்குப் பிறகு ஒரு முறைகூடக் கூடாத, மதகுருமார், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகிய மூன்று பிரிவினரின் பிரதிநிதிகள் அடங்கிய ஸ்டேட்ஸ் ஜெனரல் சபையை 1789 மே 5 அன்று வெர்சேல்ஸில் கூட்டினார்.

அந்த ஆண்டிலும் ரத்தம் சிந்தியது. ஜூலை 14 அன்று பாரிஸின் சிறைக்கோட்டையான பாஸ்டில் வீழ்ந்ததும், அதன் ஆளுநரின் தலையை ஈட்டியில் குத்தித் தெருத்தெருவாகக் கொண்டுபோனார்கள். அதற்கு நியாயம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அக்டோபர் 5 அன்று நடந்ததையும் பார்க்க வேண்டும். பாரிஸின் சந்தைப் பெண்கள் ஆயிரக்கணக்கில், மழையில் நனைந்தபடி, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நடந்து வெர்சேல்ஸுக்குப் போனார்கள். மறுநாள் விடியற்காலையில் அரண்மனைக்குள் புகுந்தவர்கள் காவலர் இருவரைக் கொன்றார்கள். அரச குடும்பத்தையோ உயிரோடு பாரிஸுக்கு அழைத்து வந்தார்கள். மாவு வண்டிகள் கூடவே வர, ரொட்டிக்காரரையும் அவர் மனைவியையும் மகனையும் கூட்டி வருகிறோம் என்று அந்தப் பெண்கள் கூவிக்கொண்டு வந்தார்கள். மன்னர் தங்களுக்குப் படியளக்க வேண்டியவர் என்ற எண்ணம் அவர்களிடம் அப்போதும் இருந்தது.

அந்த உறவு அறுந்தது 1791 ஜூன் 20 இரவில். மன்னர் பணியாள் வேடத்தில், குடும்பத்துடன், பாரிஸிலிருந்து எல்லையை நோக்கித் தப்பிச் சென்றார். வழியில் குதிரை மாற்றும் நிலையத்தின் பொறுப்பாளர் ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டதால், வாரென் என்ற சிற்றூரில் பிடிபட்டார். பிடிபட்டதைக் காட்டிலும் அவருக்குக் கேடு செய்தது, அரண்மனையில் அவர் கைப்பட எழுதி வைத்துவிட்டுப் போன அறிக்கைதான். புரட்சியின் செயல்களுக்குத் தாம் தந்த ஒப்புதலெல்லாம் கட்டாயத்தில் தந்தவை என்று அதில் எழுதியிருந்தார். மூன்று மாதம் கழித்து அதே மன்னர் புதிய அரசியலமைப்பின் மீது உறுதிமொழி எடுத்தபோது, யாருக்குத்தான் நம்பிக்கை வந்திருக்கும்?

அதன் மேல் போரும் வந்து சேர்ந்தது. 1792 ஏப்ரல் 20 அன்று பிரான்ஸ் ஆஸ்திரியா மீது போர் அறிவித்தது. ஜூலையில் எதிர்ப்படைத் தளபதி பிரன்சுவிக் கோமகன், அரச குடும்பத்துக்குத் தீங்கு நேர்ந்தால் பாரிஸையே அழித்துவிடுவதாக எச்சரித்தார். மன்னரைக் காப்பாற்றுவதற்காக வெளியான அந்த எச்சரிக்கை, மன்னர் எதிரியின் ஆள் என்பதற்கு அத்தாட்சியாகிவிட்டது. ஆகஸ்ட் 10 அன்று துய்லரி அரண்மனை தாக்கப்பட்டு, ஸ்விஸ் காவலர்கள் சுமார் 600 பேர் மாண்டார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் வெர்தன் கோட்டை எதிரியின் கைக்குப் போகிறது என்ற செய்தி வந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போனதும் சிறையிலிருப்பவர்கள் வெளியே வந்து பெண்டு பிள்ளைகளைக் கொன்றுவிடுவார்கள் என்ற வதந்தி கிளம்பி, சில நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அரசியலுக்கும் தங்களுக்கும் தொடர்பே இல்லாத சாதாரணக் கைதிகள்தான் அவர்களில் பெரும்பாலோர். அந்த வாரத்தில் பாரிஸை ஆட்டிவைத்தது அச்சம்.

இதற்குப் பின் நடந்ததைக் கூட்டத்தின் தலையில் கட்டவே முடியாது. மக்கள் கொடூரமாக நடக்கத் தேவையில்லாதபடி நாமே கொடூரமாக இருப்போம் என்று 1793 மார்ச்சில் புரட்சித் தலைவர்களில் ஒருவரான தாண்டன் சபையில் வாதாடினார். புரட்சித் தீர்ப்பாயம் அமைந்தது. ஏப்ரலில் பொதுப் பாதுகாப்புக் குழுவும், செப்டம்பர் 17 அன்று சந்தேகத்துக்குரியோர் சட்டமும் வந்தன. நாடு முழுவதும் ஏறத்தாழ 17,000 பேர் தீர்ப்பு எழுதப்பட்டுக் கொல்லப்பட்டார்கள்; விசாரணையே இல்லாமல் மாண்டவர்கள் இதில் சேரவில்லை. பிரபுக்கள்தான் செத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். தண்டிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 85 பேர் விவசாயிகள், தொழிலாளர்கள், கடைக்காரர்கள் உள்ளிட்ட, பிரபுக்களோ மதகுருமாரோ அல்லாத மூன்றாம் பிரிவினரே என்பதை உங்கள் வகுப்பில் சொல்லுங்கள். தாண்டனையும் 1794 ஏப்ரல் 5 அன்று அதே தீர்ப்பாயம்தான் தலை வெட்டும் எந்திரமான கில்லட்டினுக்கு அனுப்பியது.

கேள்வி: "ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்" என்று மேரி அன்டாய்னெட் சொன்னது உண்மையா?
– வாசகர், மதுரை

பதில்: பதினாறாம் லூயியின் மனைவியான அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. யாரோ ஓர் இளவரசி இப்படிச் சொன்னதாகத் தத்துவ அறிஞர் ரூசோ எழுதிய காலத்தில், மேரி அன்டாய்னெட் ஆஸ்திரியாவில் வளர்ந்துகொண்டிருந்த சிறுமி. பிற்காலத்தில்தான் அதை அவர் தலையில் ஏற்றினார்கள்.

கேள்வி: மன்னரை நாடு கடத்தியிருந்தால் போதாதா? கொன்றுதான் ஆக வேண்டுமா என்று அன்று யாருமே கேட்கவில்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: கேட்டார்கள், உரக்கவே கேட்டார்கள். மன்னர் குற்றவாளி என்பதில், அன்றைய பிரெஞ்சு மக்கள் சபையான தேசிய மாநாட்டில் கருத்து வேறுபாடு அனேகமாக இல்லை. தண்டனை என்ன என்பதில்தான் சபை பிளந்தது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக மேடையேறி வாய்விட்டுத் தம் முடிவைச் சொல்ல வேண்டியிருந்ததால், 1793 ஜனவரி 16 மாலை தொடங்கிய வாக்கெடுப்பு இரவு முழுக்க நடந்து மறுநாளும் நீண்டது. 721 பேரில் 387 பேர் மரண தண்டனை என்றார்கள். மன்னருக்கு உறவினரான ஆர்லியன்ஸ் கோமகனும் அவர்களில் ஒருவர். மற்ற 334 பேர் சிறை, நாடு கடத்தல், நிபந்தனையோடு கூடிய மரணம் என்று பிரிந்து நின்றார்கள்.

எதிர்த்தவர்களில் என் மனத்தில் நிற்பவர், இங்கிலாந்தில் பிறந்த எழுத்தாளரும் சபை உறுப்பினருமான தாமஸ் பெய்ன். பிரெஞ்சு பேசத் தெரியாத அவருடைய உரையை வேறொருவர் மொழிபெயர்த்து வாசித்தார். அமெரிக்காவின் விடுதலைக்கு உதவியவர் இந்த லூயி. ஆகவே அவரை அமெரிக்காவுக்கே அனுப்பிவிடுங்கள் என்பது பெய்னின் வேண்டுகோள். முடியாட்சியை அவரைப் போல் வெறுத்தவர்கள் குறைவு. மன்னர் வேறு, லூயி என்ற மனிதர் வேறு என்று அவரால் பிரித்துப் பார்க்க முடிந்தது. ஜனவரி 21 அன்று லூயியின் தலை விழுந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பெய்னும் சிறைக்குப் போனார்.

கேள்வி: இந்தப் புரட்சியின் அதிர்வு அன்றைய புதுச்சேரிக்கு எட்டியதா?
– வாசகி, காரைக்கால்

பதில்: எட்டியது. மன்னர் கொல்லப்பட்ட பதினோரு நாட்களில், பிப்ரவரி 1 அன்று, பிரான்ஸ் இங்கிலாந்தின் மீதும் போர் அறிவித்தது. அதன் விளைவாக 1793 ஆகஸ்டில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுக் கைப்பற்றினார்கள்.

கேள்வி: ரோபஸ்பியர் பிறவியிலேயே ரத்த வெறி பிடித்தவரா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 1791 மே மாதம் சபையில் எழுந்து, மரண தண்டனையையே சட்டத்திலிருந்து நீக்க வேண்டும் என்று வாதாடிய வழக்கறிஞர்தான், பின்னர் பயங்கர ஆட்சியின் முக்கியத் தலைவரான அவர். அடுத்த ஆண்டு டிசம்பரில், நாடு வாழ லூயி சாக வேண்டும் என்றார். ஒரே ஒரு விதிவிலக்கு என்றுதான் அவர் அதை நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. 1794 ஜூன் 10 அன்று அவருடைய ஆதரவோடு ஒரு சட்டம் நிறைவேறியது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு இனி வழக்கறிஞர் கிடையாது. தீர்ப்பு ஒன்று விடுதலை, இல்லையேல் மரணம். இடைப்பட்ட தண்டனை எதுவும் இல்லை. அடுத்த ஏழு வாரங்களில் பாரிஸில் மட்டும் சுமார் 1,400 பேர் கில்லட்டின் ஏறினார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் பேசியதைப் படித்துவிட்டு இந்தச் சட்டத்தைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அடுத்த பெயர் யாருடையதோ என்று நடுங்கிக்கொண்டிருந்த சபை உறுப்பினர்கள், ஜூலை 27 அன்று அவரையும் அவருடைய தோழர்களையும் சட்டத்துக்குப் புறம்பானவர்கள் என்று அறிவித்தார்கள். அப்படி அறிவிக்கப்பட்டவருக்கு விசாரணை தேவையில்லை என்பது ஏற்கெனவே இருந்த விதி. மறுநாள், தாடை உடைந்து கட்டுப் போட்ட நிலையில், அவரைத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆள் அவர்தான் என்று உறுதிசெய்ததோடு தீர்ப்பாயத்தின் வேலை முடிந்தது. அன்று மாலையே 21 பேருடன் அவர் கில்லட்டினுக்கு ஏற்றப்பட்டார்.