ஊட்டி ரயிலின் பல்சக்கரத்தில் விரிசல் விழுந்தால், உடைத்துப் பார்க்காமல் எப்படித் தெரியும்?

கல்லாறு முதல் குன்னூர் வரை 12 அடிக்கு 1 அடி வரை ஏற்றம். அங்கே இன்ஜினின் பல்சக்கரம், தண்டவாளங்களுக்கு நடுவில் உள்ள பல்சட்டத்தைப் பற்றித்தான் ஏறும். அதனால் பல்லின் அடிப்பகுதியில்தான் பாரம் குவியும், விரிசலும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

வெளியே திறந்த விரிசல் என்றால் வேலை சுலபம். கிரீஸைச் சுத்தமாகத் துடைத்து (இதில் அலட்சியம் காட்டினால் மற்றதெல்லாம் வீண்), சிவப்புச் சாயத் திரவம் தடவி, சற்று ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். அப்புறம் வெள்ளைப் பொடி தெளித்தால், விரிசலுக்குள் புகுந்த சாயம் கசிந்து சிவப்புக் கோடாகத் தெரியும். எஃகு, இரும்பு என்றால் காந்தமேற்றி இரும்புத்தூள் தூவியும் பார்க்கலாம். தூள் விரிசல் மேல் வரிசை கட்டி நிற்கும்.

அச்சு வேறு கதை. சக்கரம் இறுக்கிப் பொருத்திய இடத்துக்கு அடியில் விரிசல் வந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு சுழற்சியிலும் அச்சு வளைந்து நிமிர்வதால் அது மெல்ல வளரும். இதற்கு அல்ட்ராசோனிக் (காதுக்குக் கேட்காத ஒலி) சோதனை. அச்சு முனையில் எண்ணெய் தடவிக் கருவியை வைத்தால், எஃகில் நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் வேகத்தில் ஒலி ஓடும். மறுமுனையிலிருந்து வர வேண்டிய எதிரொலிக்கு முன்பே ஒன்று வந்தால் சந்தேகம்தான். ஆனால் ஒலி போகும் திசையிலேயே நீண்ட விரிசல் தப்பிவிடும். அதனால் கோணம் மாற்றியும் பார்ப்பார்கள்.