கணவருக்கு 2027 வரை, எனக்கு மட்டும் ஏன் 2026?

கேள்வி: கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்து லண்டனில் இருக்கிறோம். கணவர் இரண்டு வருட முதுகலை படிக்கிறார். அவருடைய ஸ்டடி பர்மிட் 2027 நவம்பர் 30 வரை இருக்கிறது. என் ஒர்க் பர்மிட் மட்டும் 2026 அக்டோபர் 14-ஓடு முடிகிறது. ஏர்போர்ட்டில் ஆபீசர் தப்பாகப் போட்டுவிட்டாரா? அன்றோடு என் வேலை போய்விடுமா?

பதில்: அன்புச் சகோதரி, அந்த ஆபீசரைத் திட்டுவதற்கு முன் உங்கள் பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். வழங்கிய நாள் 15/10/2016, முடியும் நாள் 14/10/2026 என்று இருக்கும், பந்தயமே கட்டுவேன். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த பாஸ்போர்ட்டாக இருக்கும், இல்லையா?

படிக்கிறவரின் மனைவிக்குத் தரும் ஓப்பன் ஒர்க் பர்மிட் (எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கலாம்), வழக்கமாகக் கணவரின் ஸ்டடி பர்மிட் முடியும் நாள் வரை இருக்கும். அதற்குள் உங்கள் பாஸ்போர்ட் முடிந்துவிட்டால், பர்மிட்டும் அந்த நாளோடு சரி.

ஆகவே முதல் வேலை பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பது. கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆசைக்கு உங்கள் பெயரையே மாற்றிவிடாதீர்கள். பழைய பர்மிட்டில் ஒரு பெயர், புதிய பாஸ்போர்ட்டில் வேறு பெயர் என்றால் விளக்கம் சொல்லியே ஓய்ந்துபோவீர்கள். பழைய பாஸ்போர்ட்டையும் தூக்கிப் போடாதீர்கள், அதில்தான் விசா ஒட்டியிருக்கிறது.

புது பாஸ்போர்ட் வந்ததும் ஆன்லைனில் நீட்டிப்புக்குப் போடுங்கள். கணவரின் ஸ்டடி பர்மிட், அவர் படித்துக்கொண்டிருப்பதற்கான பல்கலைக்கழகக் கடிதம், திருமணச் சான்றிதழ், 255 டாலர் கட்டணம். படிக்கிறவரின் மனைவிக்குப் பர்மிட் தரும் விதியை 2025 ஜனவரி 21 முதல் இறுக்கிவிட்டார்கள். கணவரின் படிப்பு முதுகலை என்றால் 16 மாதமாவது இருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். பர்மிட் முடிவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய நிபந்தனைகளின்படியே வேலை செய்யலாம். 'மெயின்டெய்ன்ட் ஸ்டேட்டஸ்' என்பார்கள். நம் ஆட்கள் வாயில் இன்னும் 'இம்ப்ளைட் ஸ்டேட்டஸ்'தான். ஹெச்.ஆர். கட்டாயம் கேட்பார்கள், ஏனென்றால் 9-ல் தொடங்கும் உங்கள் சின் நம்பருக்கும் (வேலை பார்க்கத் தேவையான சமூகக் காப்பீட்டு எண்) அதே முடிவுத் தேதிதான். விண்ணப்பித்ததற்கான கடிதத்தைக் காட்டுங்கள். அந்த இடைவெளியில் மட்டும் தங்கை கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். கனடாவை விட்டு வெளியே போய்த் திரும்பினால், புது பர்மிட் கைக்கு வரும்வரை வேலைக்குப் போக முடியாது.

தேதி தவறிப்போனால்? 90 நாளைக்குள், கனடாவில் தங்கும் அந்தஸ்தை மீட்க விண்ணப்பிக்கலாம். அதுவரை வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை.

கணவரின் நவம்பர் 30-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். அது படிப்பு முடிந்தபின் கொடுக்கும் 90 நாளையும் சேர்த்த கணக்கு. அவர் சீக்கிரமே படித்து முடித்துவிட்டால், தாளில் என்ன தேதி இருந்தாலும் முடித்ததிலிருந்து 90 நாள்தான்.

அவருடைய பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. முதுகலை முடித்தவர்களுக்கு 3 ஆண்டு ஒர்க் பர்மிட் கிடைக்கும். அதையும் பாஸ்போர்ட் தேதி வெட்டிவிடும். இன்று ராத்திரியே அதையும் எடுத்துப் பாருங்கள்.