எர்னஸ்ட் டப்: கிடாரின் முதுகில் ஒரு நன்றி

அமெரிக்க நாட்டுப்புறத்தில் வளர்ந்த கன்ட்ரி இசையில் ஹாங்கி டாங்க் என்ற பாணி உருவானபோது அதன் நடுவில் நின்ற டெக்சாஸ்காரர் எர்னஸ்ட் டப் (1914–1984). அவரைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நண்பர்கள் கேட்டவையும் நான் எழுதிய பதில்களும் கீழே.

கேள்வி: அண்ணா, ஹாங்கி டாங்க் என்பது இடத்தின் பெயரா, இசையின் பெயரா?

முதலில் இடம், அப்புறம்தான் இசை. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் நீங்கியது. அதற்கு மூன்று வருடம் முன்புதான் கிழக்கு டெக்சாஸில் பெரிய எண்ணெய் வயலைக் கண்டுபிடித்திருந்தார்கள். குடும்பத்தை ஊரில் விட்டு வேலைக்கு வந்தவர்கள், கையில் கூலிப் பணம், பொழுது சாய்ந்தால் போக இடமில்லை. சாலையோரத்தில் மதுக்கூடங்கள் முளைத்தன. பியர் கிடைக்கும், ஜோடியாக ஆடலாம், மூலையில் காசு போட்டால் பாடும் ஜூக் பாக்ஸ் ஒன்று நிற்கும். இந்த மாதிரி இடத்தைத்தான் ஹாங்கி டாங்க் என்றார்கள்.

அதுவரை அந்த ஊர்ப் பாட்டுகளில் அம்மா, தேவாலயம், பிறந்த வீடு எல்லாம் நிறைய வரும். மதுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அவற்றைக் கேட்க மனசு வராது. விட்டுப் போன மனைவி, ஏமாற்றிய காதலி, தூக்கம் வராத ராத்திரி, இவையே அங்கே பாட்டாயின. அந்தக் கூச்சலில் எடுபட வேண்டும் என்பதால் வாத்தியங்களும் மாறின.

கேள்வி: சார், இவர் யோடல் பாடகராகத் தொடங்கினார் என்று படித்தேன். ஆனால் பிரபலமான பதிவுகள் எதிலும் யோடல் இல்லையே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். யோடல் என்றால் அடிக்குரலிலிருந்து சட்டென்று கள்ளக்குரலுக்குத் தாவி இறங்குவது. அதை கன்ட்ரி இசையில் பெரிதாகப் பரப்பியவர் மிசிசிப்பிக்காரரான ஜிம்மி ரோஜர்ஸ். ரயில்வேயில் வேலை பார்த்து, காசநோயோடு பாடி, 1933இல் 35 வயதில் இறந்தவர். டெக்சாஸின் கிரிஸ்ப் என்ற சிற்றூரில், குத்தகை விவசாயியின் மகனாகப் பிறந்த டப்புக்கு ரோஜர்ஸ்தான் எல்லாம். அவர் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அவரைப் போலவே பாடிப் பழகினார். நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

1936இல் சான் அன்டோனியோவில் ஒரு சின்ன வானொலி நிலையத்தில் டப் பாடிக்கொண்டிருந்தார். ரோஜர்ஸின் மனைவி கேரி அதே ஊரில் வசிப்பது தெரிந்ததும் தொலைபேசியில் கூப்பிட்டு, ரோஜர்ஸின் புகைப்படம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். அந்த அம்மா வீட்டுக்கு வரச் சொன்னார். பையனின் வானொலி நிகழ்ச்சியைக் கேட்டுப் பார்த்தார். பிறகு கணவர் பாடிய அதே ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்தில் பேசி ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்தார். கணவரின் கிடாரையும் தூக்கிக் கொடுத்தார். அந்தக் கிடாரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தத் தட்டுகள் விற்கவில்லை. ரோஜர்ஸின் நகல் போலத்தான் இருந்தன. 1939இல் டப்புக்குத் தொண்டையில் டான்சில் அறுவை சிகிச்சை நடந்தது. குரல் தடித்துப் போனது, யோடல் வராமலே போயிற்று. ஒரு பாடகனுக்கு இதைவிடப் பெரிய அடி உண்டா? ஆனால் ரோஜர்ஸைப் போலப் பாட முடியாது என்றான பிறகுதான் அவர் சொந்தமாகப் பாட்டு எழுதுவதில் மும்முரமாக இறங்கினார். நாம் இன்று கேட்கும் எர்னஸ்ட் டப் அந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிறந்தவர் என்றே சொல்வேன்.

கேள்வி: கன்ட்ரிக்கு மின் கிடாரைக் கொண்டுவந்தவர் இவர்தானா?

"முதல் ஆள்" என்று சொல்லமாட்டேன். டெக்சாஸில் ஜாஸ் கலந்த நடன இசை வாசித்த வெஸ்டர்ன் ஸ்விங் குழுக்கள் 1930களிலேயே மின்வாத்தியங்களைப் பயன்படுத்தின. டப் செய்தது வேறு.

1940இல் டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது. தட்டுகள் ஓரளவு போய்க்கொண்டிருந்தபோது, ஜூக் பாக்ஸ் நடத்தும் ஒருவர் அவரிடம் ஒரு குறை சொன்னார். பிற்பகலில் கடை காலியாக இருக்கும்போது உன் தட்டுகளை எல்லோரும் போடுகிறார்கள், சாயங்காலம் கூட்டம் சேர்ந்து சத்தம் கூடியதும் பாட்டு காதில் விழவில்லை, அதனால் யாரும் போடுவதில்லை என்றார். மர உடம்புக் கிடார் அந்த இரைச்சலில் அமுங்கிவிட்டது.

அப்படி ஒரு கடையை மனசில் கொண்டு வாருங்கள். கண்ணாடிக் குவளைச் சத்தம், நூறு பேர் பேச்சு, மரத் தளத்தில் பூட்ஸ் கால்கள். இதற்கு மேலே ஒரு பாட்டு கேட்க வேண்டும். 1941 ஏப்ரலில் டல்லாஸில் நடந்த ஒலிப்பதிவுக்கு டப் ஒரு மின் கிடார் கலைஞரை அழைத்துக்கொண்டு போனார். ஃபே ஸ்மித் என்பவர், வானொலி நிலைய வாத்தியக்காரர். அன்று பதிவானதுதான் 'வாக்கிங் த ஃப்ளோர் ஓவர் யூ'. டப் எழுதிய பாட்டு. காதலி போய்விட்டாள், அவன் அறைக்குள் நடையாய் நடக்கிறான், அவ்வளவுதான் விஷயம். நாளடைவில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

பாடகரும் கிடாரும் தவிர அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மின் கிடார் ஒற்றைத் தந்தியில் மெட்டை அப்படியே, ஒரு வளைவும் இல்லாமல், கூர்மையாக வாசிக்கும். கூட்டத்தின் கடைசியில் நிற்பவனுக்கும் அது கேட்கும். 1943இல் நாஷ்வில் நகரில் வாராவாரம் நடக்கும் கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஓப்ரியின் மேடையில் அவர் சேர்ந்தபோது இந்த ஒலியும் கூடவே போனது.

கேள்வி: மன்னிக்கவும், எனக்கு இவர் குரல் பிடிக்கவே இல்லை. சுருதி இறங்கிவிடுகிறது. இவரை எப்படிப் பெரிய பாடகர் என்கிறார்கள்?

மன்னிப்பு எதற்கு? சுருதி இறங்கத்தான் செய்கிறது, குறிப்பாக வரி முடியும் இடத்தில். நானும் முதல் தடவை கேட்டபோது பாதியில் நிறுத்தினேன்.

இது டப்புக்கே நன்றாகத் தெரியும். மதுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண்களில் பெரும்பாலோர் என் பாட்டைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் 'இவனைவிட நான் நன்றாகப் பாடுவேன்' என்பார்கள், அது உண்மைதான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அதில்தான் அவர் பலம் இருக்கிறது என்பது என் கருத்து. எண்ணெய்க் கிணற்றில் பகல் முழுக்க உழைத்தவன் தன் சோகத்தைச் சொன்னால் இப்படித்தான் சொல்வான், சங்கதி போட்டுச் சொல்லமாட்டான். டப்பின் குரலில் அலங்காரம் கிடையாது. வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவாக விழும். அவரைச் சுற்றி இருந்த வாத்தியக்காரர்களோ கைதேர்ந்தவர்கள்: கிடாரில் பில்லி பேர்ட், பிறகு லியோன் ரோட்ஸ், உலோகக் கட்டையைத் தந்திமேல் வழுக்கி வாசிக்கும் ஸ்டீல் கிடாரில் பட்டி எமன்ஸ், பட்டி சார்ல்டன். 'டெக்சாஸ் ட்ரூபடோர்ஸ்' என்ற அந்தக் குழுவில் இருந்த ஜாக் கிரீன், கால் ஸ்மித் போன்றவர்கள் பிறகு தனியாகவே பெரிய பாடகர்களானார்கள். தன்னைவிட நன்றாகப் பாடுபவர்களைத் தன் மேடையிலேயே பாடவிட்டவர் அவர்.

இன்னும் நாலு பாட்டு கேட்டுப் பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம்.

கேள்வி: ஹாங்க் வில்லியம்ஸோடு ஒப்பிட்டால்?

ஹாங்கும் அந்தக் காலத்துப் பெரிய கன்ட்ரி பாடகர். பாட்டு எழுதுவதில் அவர் உயரம் வேறு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஹாங்க் 29 வயதில் போய்விட்டார். 1953 ஜனவரியில் மான்ட்கமரியில் நடந்த இறுதிச் சடங்கில் பாடியவர்களில் டப்பும் ஒருவர்.

கேள்வி: நாஷ்வில்லில் இவர் பெயரில் ஓர் இசைத்தட்டுக் கடை இருந்ததாமே?

ஆமாம், 1947இல் திறந்தார். இசைத்தட்டு எங்கள் ஊரில் கிடைப்பதில்லை என்று ரசிகர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கிராமத்துக் கடைகளில் கன்ட்ரி தட்டுகளை வாங்கி வைப்பது அரிது. அதனால் தபாலில் கேட்டால் அனுப்பிவைக்கும் கடையாகவே தொடங்கினார். அந்தக் காலத்துத் தட்டு அரக்கில் செய்தது, கீழே விழுந்தால் சில்லு சில்லாகிவிடும். அதைத் தபாலில் அனுப்பி வியாபாரம் செய்ய எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

சனிக்கிழமை ராத்திரி ஓப்ரி நிகழ்ச்சி முடிந்ததும் அந்தக் கடையிலிருந்தே 'மிட்நைட் ஜாம்போரி' என்ற நேரலை வானொலி நிகழ்ச்சி தொடங்கும். அடுக்குகளுக்கு நடுவே ஜனங்கள் நெருக்கியடித்து நிற்க, கடைக்குள்ளேயே பாட்டு. 1954இல், இன்னும் யாரென்று தெரியாத எல்விஸ் பிரெஸ்லி ஓப்ரியில் பாடிவிட்டு வந்து இங்கேயும் பாடினார். ஓப்ரியில் அவருக்குப் பெரிய வரவேற்பு இல்லை. பின்னாளில் புகழ்பெற்ற பாடகியான லொரெட்டா லின்னும் தொடக்க காலத்தில் இங்கே பாடியவர்தான். பிராட்வே தெருவில் இருந்த கடையை 2022இல் மூடிவிட்டார்கள். எனக்கு அது ஒரு வருத்தம்.

கேள்வி: துப்பாக்கிச் சம்பவம் உண்மையா, கட்டுக்கதையா?

உண்மை. 1957இல் குடிபோதையில், நாஷ்வில்லில் ஓப்ரி வானொலியை நடத்திய காப்பீட்டு நிறுவனத்தின் கட்டிடத்துக்குள் போய்த் துப்பாக்கியால் சுட்டார். ஜிம் டென்னி என்ற இசைத்துறைப் பிரமுகர் மேல் இருந்த கோபம். டென்னி அங்கே இல்லை, யார் மேலும் குண்டு படவில்லை, டப் கைதானார். மதுக்கூடங்களுக்கு நடுவே வாழ்ந்த பாடகர்களைக் குடி எப்படித் தின்றது என்பதற்கு இதுவும் சாட்சி. அவரை எனக்கு மிகவும் பிடிக்கும் என்பதற்காக இதை மூடி மறைக்க மாட்டேன்.

கேள்வி: முன்பு 'ஹில்பில்லி' இசை என்றுதானே சொன்னார்கள்? 'கன்ட்ரி' எப்படி வந்தது?

ஹில்பில்லி என்றால் மலைக்காட்டுப் பட்டிக்காட்டான் என்கிற மாதிரி ஏளனச் சொல். அதை விட்டுவிட்டு 'கன்ட்ரி' என்று சொல்லுங்கள் என்று டெக்காவிடம் வலியுறுத்தியவர்களில் டப் முக்கியமானவர். பில்போர்டு என்ற இசைத்துறை இதழ் 1949இல் தன் பாடல் பட்டியலின் பெயரை 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்று மாற்றியது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1947இல், நியூயார்க்கின் கார்னெகி ஹாலில் ஓப்ரி குழுவோடு டப் பாடிவிட்டார். அந்தப் பெரிய அரங்கத்தைப் பார்த்து, இதில் எவ்வளவு வைக்கோல் அடையலாம் என்று வியந்தாராம். குத்தகைக்காரர் மகன் கண்ணுக்கு வேறு என்ன தோன்றும்!

கேள்வி: அந்த உலகம் வெள்ளை ஆண்களுடையது மட்டும்தானா?

பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது, அது அந்த இசையின் குறை. கறுப்பினப் பாடகரான சார்லி பிரைட் 1967 ஜனவரியில் முதன்முதலாக ஓப்ரி மேடையேறியபோது அவரை அறிமுகம் செய்தவர் டப். சிவில் உரிமைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலத்தில், தென்மாநில மேடையில், எல்லோரும் மதிக்கும் ஒரு மூத்தவர் பக்கத்தில் வந்து நிற்பது சின்ன விஷயமில்லை. லொரெட்டா லின்னோடு 1964 முதல் ஜோடிப் பாடல்கள் பாடினார். அப்போது அவருக்கு 50 வயது, லொரெட்டா வளர்ந்துவரும் பாடகி. அந்தப் பதிவுகள் லொரெட்டாவின் பெயரைப் பல வீடுகளுக்குக் கொண்டுபோயின.

கேள்வி: புதிதாகக் கேட்பவன் எங்கே தொடங்கலாம்?

'வாக்கிங் த ஃப்ளோர்' முதலில். பிறகு 1963இல் வந்த 'தேங்க்ஸ் அ லாட்'. அப்புறம் 1965இல் வந்த 'வால்ட்ஸ் அக்ராஸ் டெக்சாஸ்'. கடைசியாகச் சொன்னதில் ஸ்டீல் கிடாரை மட்டும் தனியாகக் கேளுங்கள். ஹெட்போன் போட்டு, ராத்திரியில்.

கேள்வி: ஐயா, அந்தக் கிடார் கதையைச் சொல்லவில்லையே?

வருகிறேன். அது மார்ட்டின் நிறுவனம் 1928இல் ரோஜர்ஸுக்காகச் செய்துகொடுத்த கிடார். விரற்பலகையில் ஜிம்மி ரோஜர்ஸ் என்று பெயர் பதித்திருக்கும். திருப்பினால் முதுகில் பெரிய எழுத்தில் 'தேங்க்ஸ்' என்று இருக்கும், ஆனால் தலைகீழாக. பாட்டு முடிந்ததும் பாடகர் கிடாரை மேல்பக்கமாகப் புரட்டிக் காட்டுவார். அப்போதுதான் எதிரே இருப்பவர்களுக்கு எழுத்து நேராகத் தெரியும்.

டப் அந்தக் கிடாரைச் சுமார் 40 வருடம் வைத்திருந்தார். தன் சொந்தக் கிடாரின் முதுகிலும் அதே வார்த்தையை எழுதிக்கொண்டார். வருடத்தில் பெரும்பகுதி பேருந்திலேயே கழியும். நுரையீரல் நோய் வந்து மூச்சு வாங்கியபோதும், பயணத்தில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு பாடப் போனார். கச்சேரி முடிந்ததும் கையெழுத்துக் கேட்டு நிற்கும் வரிசை தீரும்வரை நகரமாட்டார். 1982இல்தான் நிறுத்தினார். 1984 செப்டம்பர் 6 அன்று நாஷ்வில்லில் இறந்தார்.

கேரி அம்மா கொடுத்த கிடார், ரோஜர்ஸின் ஊரான மெரிடியனில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.