செஸ்ஸில் நெருக்கடியான ஓபனிங் (காய்களுக்கு இடம் குறையும் தொடக்க ஆட்டம்): வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கருப்பில் ஃப்ரெஞ்ச் டிஃபென்ஸ் (இ4-க்கு இ6) ஆடுகிறேன். வெள்ளை இ5 வைத்ததும் சி8 பிஷப் உள்ளேயே கிடக்கிறது. – தேனி கூடலூர்

உடனே சி5 தள்ளி டி4-ஐ இடியுங்கள். ராணி பி6-க்குப் போகாத ஆட்டமென்றால் சிப்பாயை பி6 தள்ளி, பிஷப்பை ஏ6-ல் வைத்து வெள்ளையின் நல்ல பிஷப்போடு (சொந்தச் சிப்பாய்கள் மறிக்காதது) மாற்றிவிடுங்கள். எஃப்6 பிறகு வரட்டும். ராஜா பத்திரமாகாமல் அதைத் தொடாதீர்கள்.

இடமே இல்லாமல் மாட்டிக்கொள்கிறேன். என்ன செய்ய? – ஊர் எழுதவில்லை

எந்த ஓபனிங், எந்த நிறம், எத்தனையாவது நகர்வு? ஒன்றுமே இல்லையே! ஆட்டத்தாளைப் பார்த்து எழுதுங்கள், சொல்கிறேன்.

நெருக்கடியில் காய் மாற்றினால் மகளைக் கோச் திட்டுகிறார். 'பயந்தவள்தான் வெட்டுவாள்' என்கிறார். – கொழிஞ்சாம்பாறை

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பொறுக்காது. வாளையார் தாண்டி ஒரு பள்ளி ஹாலில், சரிக்குச் சரி குதிரையை வெட்டிய சிறுமியை எல்லார் முன்னாலும் ஒருவர் அழவைத்ததை நேரில் பார்த்தேன். அவள் ஆடியதுதான் சரி. சின்ன வீட்டில் எட்டுப் பேர் இருந்தால் புழுக்கம், நாலு பேர் என்றால் தாராளம். இடம் குறைந்தவருக்குத்தான் மாற்றம் லாபம். இடம் வைத்திருப்பவர்தான் அதைத் தவிர்க்க வேண்டும்.

1927-ல் அலெகைனும் காபபிளாங்காவும் மோதிய உலகப் பட்டப் போட்டியில் 34 ஆட்டம். இரண்டைத் தவிர எல்லாமே குயின்ஸ் கேம்பிட் மறுப்புதான் (வெள்ளை டி4, சி4; கருப்பு டி5, இ6). அதில் கருப்பில் காபபிளாங்கா கையாண்ட பழைய மருந்து இது: டி5 சிப்பாயால் சி4-ல் வெட்டு, குதிரையை டி5-ல் வை, இ7-ல் பிஷப்புகள், சி3-ல் குதிரைகள் மாறட்டும், அப்புறம் இ5. இரண்டு ஜோடி போனதும் மூச்சு வந்துவிடும். காபபிளாங்கா பயந்தவரா? மகளிடம் தைரியமாக வெட்டச் சொல்லுங்கள். ஒன்று மட்டும்: மாற்றினால் போதாது, அடுத்து எந்தச் சிப்பாயை உடைக்கப் போகிறோம் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஃபிலிடாரில் (இ4-க்கு இ5, குதிரை எஃப்3-க்கு டி6) மூன்றாவது நகர்வில் பிஷப் ஜி4 வைத்து நெருக்கடியைத் தவிர்க்கலாமா? – மறையூர்

கூடாது. வெள்ளை இ5-ல் வெட்டினால் பிஷப்பைக் குதிரைக்குக் கொடுத்தாக வேண்டும், இல்லையேல் சிப்பாய் போகும். 1858-ல் பாரிஸ் ஓபரா அரங்கில் அமெரிக்க வீரர் மார்ஃபி இதை 17 நகர்வில் முடித்தார். நீங்கள் டி4-ல் வெட்டுங்கள். குதிரை எஃப்6, பிஷப் இ7, கேஸ்லிங், யானை இ8, பிஷப் மீண்டும் எஃப்8. அழகில்லை, ஆனால் உறுதி.

முள்ளம்பன்றி அமைப்பில் (கருப்புச் சிப்பாய்கள் ஏ6, பி6, டி6, இ6-ல்) எவ்வளவு நேரம் காத்திருப்பது? – செங்கோட்டை

பி5 அல்லது டி5 கணக்குச் சரியாக வரும்வரை. அவசரத்தில் ராஜாவின் முன் சிப்பாயைத் தொடாதீர்கள், திரும்பவும் சொல்கிறேன்.

செஸ் இஞ்சின் (கணினி நிரல்) எனக்கு எதிராக 0.7 (ஒரு சிப்பாய்க்கும் குறைவு) காட்டுகிறது. தோற்றுவிட்டேனா? – கம்பம்

இல்லை. ஆடுங்கள்.