அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் புதிதாக லேப் தொடங்கியிருக்கிறேன், ஆரம்பகட்ட டேட்டா இல்லை. முதல் பைலட் கிராண்ட் எங்கே கிடைக்கும்?

கேட்டவர் உயிர்மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. ஹெச்-1பி விசாவில் இருக்கிறார். யோசனை இருக்கிறது, அதை நிரூபிக்கும் டேட்டா இல்லை. நேராக என்ஐஹெச்சுக்கு (மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பு) எழுதலாமா, சின்ன நிதி வேறெங்காவது கிடைக்குமா என்பது கேள்வி.

முதலில் உங்கள் வளாகத்துக்குள்ளேயே தேடுங்கள். என்ஐஹெச்சின் முக்கிய ஆய்வு கிராண்டான ஆர்01-க்கு 12 பக்கம் எழுத வேண்டும். விதி எப்படியிருந்தாலும் டேட்டா இல்லாத ஆர்01 நடைமுறையில் தேறுவது அரிது. அந்த டேட்டாவை எடுக்கத்தான் பைலட் பணம். அதில் பெரும்பகுதி என்ஐஹெச் ஏற்கெனவே உங்கள் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, அங்குள்ள மையங்கள் பங்கிட்டுக் கொடுக்கும் பணம். போட்டி உங்கள் வளாகத்துக்குள் மட்டும். நாடு முழுவதும் இருப்பவர்களோடு மோத வேண்டியதில்லை.

பெரிய வாசல் சிடிஎஸ்ஏ (கிளினிக்கல் அண்ட் டிரான்ஸ்லேஷனல் சயன்ஸ் அவார்ட்). 2006-இல் தொடங்கிய திட்டம், இப்போது என்கேட்ஸ் என்ற என்ஐஹெச் பிரிவின் கீழ் இயங்குகிறது. நாடெங்கும் 60-க்கு மேற்பட்ட மையங்கள் உண்டு. ஆய்வகக் கண்டுபிடிப்பை நோயாளி வரை கொண்டுபோகும் வழியில் எங்கே இருந்தாலும் இவர்களிடம் கேட்கலாம். ஓராண்டுக்கு 50,000 டாலர் சுற்றளவில் கொடுக்கும் மையங்கள் பல. அடுத்தது, நோய்வாரியாக இருக்கும், பி30 என்ற கிராண்ட் வகையில் நடக்கும் மையங்கள். புற்றுநோய் மையம், நீரிழிவு ஆராய்ச்சி மையம், எய்ட்ஸ் ஆராய்ச்சி மையம், ஊட்டச்சத்து-உடற்பருமன் மையம், சுற்றுச்சூழல் சுகாதார மையம் என்று இவை விரியும். நீரிழிவு மையங்களில் இதற்கென்றே பைலட் அண்ட் ஃபீசிபிலிட்டி என்ற பிரிவு உண்டு. அல்சைமர் மையங்கள் இதையே டெவலப்மென்டல் ப்ராஜெக்ட் என்று அழைக்கும். பெயர் மாறுவதால்தான் வெறுமனே ‘பைலட்’ என்று தேடுபவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

எந்த மையம் உங்கள் ஊரில் இருக்கிறது என்று யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். என்ஐஹெச் கொடுத்த கிராண்டுகளைத் தேடும் ரிப்போர்ட்டர் தளத்தைத் திறந்து, நிறுவனம் என்ற இடத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தையும், கிராண்ட் வகை என்ற இடத்தில் பி30, பி20, யு54, யுஎல்1, யுஎம்1 ஆகிய குறியீடுகளையும் கொடுங்கள். வரும் ஒவ்வொன்றின் சுருக்கத்தையும் படித்தால், பைலட் நிதி உண்டா என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். ஒரு மதியப் பொழுது போதும். அதே தளத்தில் மேட்ச்மேக்கர் என்ற வசதியில் உங்கள் ஆய்வுச் சுருக்கத்தை ஒட்டினால், அதைப் போன்ற கிராண்டுகளை எந்த என்ஐஹெச் பிரிவு ஆதரிக்கிறது, எந்த அதிகாரி கவனிக்கிறார் என்று காட்டும். பிறகு உங்கள் ஆராய்ச்சி அலுவலகத்தின் உள்போட்டி பட்டியலைப் பாருங்கள். பல பல்கலைக்கழகங்கள் இதற்கு இன்ஃபோரெடி என்ற தளத்தைப் பயன்படுத்துகின்றன.

சிறிய பல்கலைக்கழகமாக இருந்து சிடிஎஸ்ஏ இல்லாவிட்டால், நீங்கள் இருக்கும் மாநிலத்தைப் பாருங்கள். என்ஐஹெச் பணம் குறைவாகப் போகும் 23 மாநிலங்களுக்கும் போர்ட்டோ ரிக்கோவுக்கும் ஐடியா என்ற தனித் திட்டம் உண்டு. அதன் கீழ் வரும் கோப்ரி, இன்ப்ரி அமைப்புகள் பைலட் பணம் தருகின்றன. புற்றுநோய் தொடர்பான ஆய்வு என்றால், அமெரிக்கன் கேன்சர் சொசைட்டி பல்கலைக்கழகங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் நிதியிலிருந்து புதியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். முதல் சுயேச்சையான பதவி கிடைத்து 6 ஆண்டுகளுக்குள் இருப்பவர்களுக்கானது அது.

விசா பற்றிய பயம் பாதி தேவையற்றது. ஆர்01, அதைவிடச் சிறிய கிராண்டுகளான ஆர்21, ஆர்03 எதற்கும் முதன்மை ஆய்வாளர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. விண்ணப்பதாரர் உங்கள் பல்கலைக்கழகம், நீங்கள் அல்ல. உள்வளாக பைலட்களில் பெரும்பாலும் பார்ப்பது ஆசிரியப் பதவி இருக்கிறதா என்பதைத்தான். விசா குறுக்கே நிற்பது கே01, கே08, கே23 போன்ற பயிற்சி கிராண்டுகளில். அவற்றுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். போஸ்ட்டாக்குகளுக்கான கே99 இதற்கு விதிவிலக்கு.

ஆர்21-ஐ முதல் பைலட்டாக நினைக்க வேண்டாம் என்பது என் கருத்து. 6 பக்கம், 2 ஆண்டுக்கு நேரடிச் செலவு 2,75,000 டாலர், ஆரம்பகட்ட டேட்டா தேவையில்லை என்று விதியே சொல்கிறது. ஆனால் அதே குவியலில் டேட்டாவோடு எழுதியவரின் விண்ணப்பமும் இருக்கும். ரிவ்யூவர் மனது எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லா என்ஐஹெச் பிரிவுகளும் ஆர்21 வாங்குவதும் இல்லை. வளாகத்தில் ஒரு பைலட் முடித்துவிட்டு ஆர்21 எழுதினால் நிலைமை வேறு. ஆர்21, ஆர்03, உள்வளாக பைலட் எது கிடைத்தாலும் உங்கள் ‘ஆரம்பநிலை ஆய்வாளர்’ தகுதி போகாது. பிஎச்.டி. அல்லது மருத்துவப் பயிற்சி முடித்து 10 ஆண்டுகளுக்கு அந்தத் தகுதி உண்டு. முதல் ஆர்01-க்கு அது பெரிய பலம் என்பதால் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எழுதும் விதம். பைலட் குழு உங்களிடம் எதிர்பார்ப்பது ஒரே விஷயம்: இந்தப் பணம் எந்த கிராண்டாகத் திரும்பி வரும்? மையத்தைப் புதுப்பிக்கும்போது, கொடுத்த பைலட்களிலிருந்து என்னென்ன கிராண்டும் கட்டுரையும் வந்தன என்று அவர்களும் என்ஐஹெச்சுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஆகவே, எந்தப் பிரிவுக்கு, எந்த வகை கிராண்ட், எந்தத் தேதியில் போடுவீர்கள், அதில் எந்தக் கேள்விக்கு இந்த டேட்டா பதில் சொல்லும் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ‘எதிர்காலத்தில் வெளிநிதிக்கு முயல்வோம்’ என்று எழுதினால் எதுவும் சொல்லாததற்குச் சமம். ஆர்01-இன் ஒரு பக்க ஸ்பெசிஃபிக் எய்ம்ஸை (ஆய்வு நோக்கங்களின் சுருக்கம்) முதலில் வரைந்துவிட்டு, அதில் எந்த வாக்கியத்துக்கு ஆதாரம் இல்லை என்று பாருங்கள். அந்த ஓட்டையை அடைக்கும் சோதனைதான் உங்கள் பைலட்.

படிப்பவர் உங்கள் துறைக்காரராக இருக்க வாய்ப்பு குறைவு. சிறுநீரக மருத்துவர் ஒருவர் உங்கள் மூளை ஆய்வைப் படிப்பார். நோக்கங்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம். இரண்டாவது முதலாவது வெற்றி பெற்றால்தான் நடக்கும் என்றிருந்தால், முதல் வருடம் முழுக்க அதிலேயே போய்விடும் என்று அவர் சரியாகவே சந்தேகிப்பார்.

புள்ளியியலில் நல்ல யோசனைகள் வீணாவதைப் பார்க்கையில் மனது கேட்பதில்லை. குழுவுக்கு 12 பேர் வைத்து பைலட் செய்து, வித்தியாசம் 0.8 திட்ட விலக்கம் (அளவீட்டின் சிதறலைக் காட்டும் அலகு) என்று வந்தது என வைத்துக்கொள்வோம். அந்த 0.8-ஐ அப்படியே எடுத்து அடுத்த கிராண்டின் மாதிரி அளவை, அதாவது எத்தனை பேர் வேண்டும் என்பதை, கணக்கிடுகிறார்கள். ஆனால் 12 பேருக்கு அந்த மதிப்பீட்டின் 95 சதவீத நம்பக எல்லை இருபுறமும் சுமார் 0.85 வரை நீளும். அதாவது உண்மை வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யமாகவும் இருக்கலாம், 1.6 ஆகவும் இருக்கலாம். பைலட் தரக்கூடிய நம்பகமான விடைகள் வேறு: மாதத்துக்கு எத்தனை நோயாளிகள் சம்மதிக்கிறார்கள், எத்தனை பேர் இரண்டாம் முறை வருகிறார்கள், ரத்த மாதிரியில் உங்கள் அளவீடு வேலை செய்கிறதா, அளவீட்டின் சிதறல் எவ்வளவு. மாதிரி அளவை, மருத்துவரீதியாகப் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் எது என்பதை வைத்துக் கணக்கிடுங்கள். விண்ணப்பிக்கும் முன்பே சிடிஎஸ்ஏவின் புள்ளியியலாளரிடம் போங்கள். முதல் ஆலோசனைக்குப் பல மையங்கள் காசு வாங்குவதில்லை.

அடுத்து, காலண்டர். பைலட்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஒரு எலி ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜீன் இரண்டு பிரதியிலும் நீக்கப்பட்ட ஆண் 10, பெண் 10 வேண்டும். என்ஐஹெச் 2016 முதல் இரு பாலினத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஒரு பிரதி மட்டும் நீக்கப்பட்ட ஜோடிகளைச் சேர்த்தால் குட்டிகளில் நாலில் ஒன்றுதான் தேறும். ஆகவே சராசரிக்கே 80 குட்டிகள், ஈற்றுக்கு 7 என்றால் 12 ஈற்று. 6 ஜோடி வைத்தால் இரண்டு சுற்று. கர்ப்பம் 3 வாரம், பால்குடி 3 வாரம், 8 வார வயது வரும்வரை இன்னும் 5 வாரம். இரண்டாம் சுற்றுக்குக் கூடுதலாக 4 வாரம். ஆக 15 வாரம் ஆன பின்தான் கடைசி எலி சோதனைக்குத் தயார். 12 வாரம் கொழுப்பு உணவு கொடுத்தால் 27. திசு எடுத்து ஆர்என்ஏ வரிசை வந்து ஆராய 10 வாரம், 37. விலங்கு ஆய்வு அனுமதிக்கு 8 வாரம் போனால் 45. வருடத்தில் 52 வாரம்தான். ஒரு ஜோடி ஈனாவிட்டால் கணக்கு உடைந்துவிடும்.

அதனால் விண்ணப்பம் போடும் அன்றே விலங்கு ஆய்வு அனுமதிக்கும் எழுதுங்கள், பணம் வரும்வரை காத்திருக்காதீர்கள். மனிதர்கள் சம்பந்தப்பட்டதென்றால் ஐஆர்பி (மனித ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழு) ஒப்புதல் மட்டும் போதாது. சிடிஎஸ்ஏ பணமாக இருந்தால் உங்கள் மையம் ஆவணங்களை என்கேட்ஸுக்கு அனுப்பி முன் அனுமதி வாங்க வேண்டும், தொடங்குவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பே. அதுவரை ஒரு டாலர்கூடச் செலவழிக்க முடியாது. புதிதாக ஆள் எடுக்கலாம் என்று திட்டமிட்டால் விளம்பரம், நேர்காணல், பணியாணை என்று இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். லேபில் ஏற்கெனவே இருப்பவரை வைத்து எழுதுவதே பத்திரம். மீதிப் பணத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகப் பல மையங்கள் விடுவதில்லை.

பட்ஜெட்டும் இதே கதைதான். 50,000 டாலரில் பேராசிரியர் சம்பளம் போடப் பெரும்பாலும் முடியாது. வருடம் 45,000 சம்பளம், அதன்மேல் 30 சதவீதம் சலுகைச் செலவு உள்ள டெக்னீஷியனின் பாதி நேரம் 29,250 ஆகிறது. 30 கூண்டு, நாளுக்கு 1.25 டாலர் வீதம், 300 நாள் என்றால் 11,250. மிச்சம் 9,500-இல் உணவும், ஜீன் பரிசோதனையும், வரிசைப்படுத்தலும் அடங்க வேண்டும். இவை உதாரண விலைகள். உங்கள் வளாகத்தின் கோர் லேப் (எல்லோருக்கும் பொதுவான ஆய்வுக்கூடம்) கட்டணப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எண்ணிக்கை பெருக்கல் விலை என்று காட்டுங்கள். ‘சப்ளைஸ் 20,000’ என்று ஒரே வரியில் எழுதினால் உங்களுக்கே கணக்குத் தெரியவில்லை என்று படிப்பவர் நினைப்பார்.

கிடைக்கவில்லை என்றால் கருத்துகளைக் கேட்டு வாங்குங்கள். உள்போட்டிகளில் கேட்டால்தான் பல சமயம் தருவார்கள். அடுத்த சுற்றுக்கு அதே யோசனையைத் திருத்திப் போடுவதில் தவறே இல்லை. அதற்கு முன், மையத்தின் பைலட் நிர்வாகிக்கு ஐந்தே வரியில் ஒரு மெயில்: உங்கள் பதவி, ஒரு வரியில் கேள்வி, மனிதரா விலங்கா, அனுமதி எந்த நிலையில் இருக்கிறது, இது உங்கள் மையத்தின் நோக்கத்துக்குள் வருமா. கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்பே அனுப்பினால், பொருந்தாத இடத்துக்கு எழுதி ஒரு மாதம் போவது மிச்சம்.