ஆம்ப்ளிஃபையரில் விளக்கு எரிகிறது, சப்வூஃபரில் சத்தமே இல்லை: பழுது எங்கே?

கேள்வி இதுதான்: காரின் டிக்கியில் உள்ள ஆம்ப்ளிஃபையரில் பச்சை விளக்கு எரிகிறது, கதவு ஸ்பீக்கர்கள் வழக்கம்போல் பாடுகின்றன, தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கரான சப்வூஃபர் மட்டும் ஊமையாக இருக்கிறது, புதிய ஆம்ப் வாங்கிவிடலாமா? இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஒரு மல்டிமீட்டர், 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி ஒன்று, கைப்பேசியில் ஏற்றிக்கொண்ட 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கோப்பு ஆகிய மூன்றும் இருந்தால், பழுது எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

பச்சை விளக்கு எரிகிறது என்றால், ஆம்புக்கு மின்சாரம் வருகிறது, ஆம்பை இயக்கச் சொல்லி ஸ்டீரியோவிலிருந்து வரும் மெல்லிய ரிமோட் ஒயர் அதை எழுப்பிவிட்டது, ஆம்ப் தன்னளவில் ஆபத்து எதையும் உணரவில்லை என்று மட்டுமே பொருள். பாட்டு அதற்குள் வருகிறதா, வெளியே போகிறதா என்பதைப் பற்றி அந்த விளக்கு எதுவும் சொல்வதில்லை. ஆகவே முதல் சோதனையை நடுவில் வையுங்கள். ஸ்டீரியோவை அணைத்துவிட்டு, சப்வூஃபருக்குச் செல்லும் இரண்டு ஒயர்களையும் ஆம்பிலிருந்து கழற்றிவிடுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒலியை நடுத்தர அளவில் ஓடவிட்டு, ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் அளவெடுங்கள். சில வோல்ட்டுகள் காட்டி, ஒலியைக் கூட்டும்போது எண்ணும் கூடினால், ஆம்ப் பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது; பழுது ஸ்பீக்கர் ஒயரிலோ சப்வூஃபரிலோ இருக்க வேண்டும். எண் பூஜ்யத்தை ஒட்டியே நின்றால் பழுது அதற்கு முன்னால் இருக்கிறது.

முன்னால் இருந்தால், முதலில் ஸ்டீரியோவின் அமைப்புகளைப் பாருங்கள். கார் பேட்டரியை ஒருமுறை கழற்றி மாட்டினாலே பல ஸ்டீரியோக்கள் தங்கள் அமைப்புகளை மறந்துவிடும். அப்போது சப்வூஃபர் அவுட்புட் அணைந்த நிலைக்குப் போயிருக்கலாம். ஆம்பில் உள்ள ஃபில்டர் சுவிட்ச் தவறுதலாக ஹை பாஸ் பக்கம் தள்ளப்பட்டிருந்தாலும் தாழ்ந்த ஒலிகள் வடிகட்டப்பட்டு, சப்வூஃபருக்குப் போக ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. இவை இரண்டும் சரியாக இருந்தால், எல்லாவற்றையும் அணைத்து, சப்வூஃபர் ஒயர்களை மீண்டும் மாட்டுங்கள். ஸ்டீரியோவிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிளை ஆம்பிலிருந்து எடுத்துவிட்டு, 3.5 மி.மீ. முனையை ஆர்சிஏவாக மாற்றும் கேபிள் வழியாகக் கைப்பேசியை நேரடியாக ஆம்பில் செருகிப் பாருங்கள். சத்தம் வந்தால் ஆம்பைக் குறை சொல்ல முடியாது. இருக்கைத் தண்டவாளத்தின் கீழ் நசுங்கிய ஆர்சிஏ கேபிளோ, ஸ்டீரியோவின் அவுட்புட்டோதான் காரணம்.

சப்வூஃபர் பக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் ஏமாந்த இடம் அது. கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலை ஓம் அளவில் சோதிக்கும்போது, 4 ஓம் என்று அச்சிடப்பட்ட காயில் ஏறத்தாழ 3.2 முதல் 3.8 வரை காட்டினால் அது நல்ல காயில். மீட்டர் எதுவுமே காட்டாமல் திறந்த சுற்று என்றால் காயில் அறுந்திருக்கிறது. நான் பெட்டியை மாற்றியபோது, இரட்டை வாய்ஸ் காயில் கொண்ட என் சப்வூஃபரை மீண்டும் தொடராக இணைத்திருந்தேன். மீட்டர் ஏழு ஓமுக்குச் சற்று மேல் காட்டியது. 4 ஓம் காயில்கள் இரண்டு தொடரில் இருந்தால் வரவேண்டிய எண் அதுவே. ஆம்பின் முனைகளிலும் வோல்ட் இருந்தது. ஆனாலும் கூம்பின் மீது உள்ளங்கையை வைத்துப் பார்த்தபோது சிறு அதிர்வுகூட இல்லை. நெடுநேரம் கழித்துத்தான் பென்சில் பேட்டரியை எடுத்து, ஒயரின் முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன். கூம்பு அசையவில்லை. இணைப்பைப் பிரித்து ஒவ்வொரு காயிலையும் தனித்தனியாகத் தொட்டபோது, ஒன்றில் கூம்பு வெளியே எழுந்தது, மற்றொன்றில் உள்ளே அமுங்கியது. ஒரு காயிலின் பிளஸ்ஸையும் மைனஸையும் நான் மாற்றி இணைத்திருந்தேன். ஒன்று தள்ள, மற்றொன்று இழுக்க, கூம்பு நடுவில் அசையாமல் நின்றிருக்கிறது. மின்தடை எந்தத் திசையில் இணைத்தாலும் ஒன்றே என்பதால், ஓம் அளவு இதைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. அதனால்தான் பேட்டரிச் சோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது என்று வற்புறுத்துகிறேன். கூம்பை விரல்களால் சமமாக, மெதுவாக அழுத்தும்போது உரசும் ஒலி கேட்டால், காயில் கருகியிருக்க வாய்ப்பு அதிகம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பச்சைக்குப் பதிலாகச் சிவப்பு விளக்கு எரிந்தால் வழி வேறு. மின்சாரத்தை நிறுத்தி, ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்குங்கள். சிவப்பு அணைந்துவிட்டால், ஒயர் எங்கோ காரின் உடலைத் தொடுகிறது அல்லது முனையில் பிரிந்த ஒரு செப்பு இழை பக்கத்து முனையைத் தீண்டுகிறது அல்லது சப்வூஃபரின் ஓம் அந்த ஆம்ப் தாங்கும் அளவுக்குக் கீழே போயிருக்கிறது. ஆர்சிஏவையும் கழற்றிய பிறகும் சிவப்பு நீடித்தால் பழுது ஆம்புக்குள் இருக்கிறது. அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

விளக்கே எரியாவிட்டால், பேட்டரி பிளஸ், எர்த், ரிமோட் ஆகிய மூன்று முனைகளையும் அளந்து பாருங்கள். ஃபியூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், அதன் இரு பக்கமும் 12 வோல்ட் இருக்கிறதா என்று அளவெடுங்கள். ரிமோட்டில் வோல்ட் இல்லையென்றால், ஆம்பின் பிளஸ் முனையிலிருந்து ரிமோட் முனைக்கு ஒரு சிறு ஒயரால் நொடிப்பொழுது பாலமிடுங்கள். ஆம்ப் விழித்துக்கொண்டால் ரிமோட் ஒயர்தான் குற்றவாளி. தானியங்கி ஆன்டெனாவுக்கான முழு நீல ஒயரில் ரிமோட்டை இணைத்துவிடுவது அடிக்கடி நேரும் தவறு: பல ஸ்டீரியோக்களில் ரேடியோ ஓடும்போது மட்டும்தான் அதில் மின்சாரம் இருக்கும். ஆம்புக்கென்று உள்ளது வெள்ளைக் கோடிட்ட நீல ஒயர்.

எர்த் இணைப்பில் மீட்டரே நம்மைத் தவறாக வழிநடத்தக்கூடும். பெயின்டின் மேல் திருகப்பட்ட எர்த், ஆம்ப் சும்மா இருக்கும்போது சரியான 12 வோல்ட்டைக் காட்டிவிடும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. ஆம்ப் உழைக்கத் தொடங்கியதும் அந்த வோல்ட் சரிந்து, ஆம்ப் அணைந்து அணைந்து எரியும். எனவே சப்வூஃபரை மீண்டும் இணைத்து, ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு, கார் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் ஆம்பின் எர்த் முனைக்கும் இடையே டிசி வோல்ட்டை அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், பெயின்டைச் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரியும் இடத்தில் மீண்டும் இறுக்குங்கள். இருக்கைப் பெல்ட்டின் போல்ட்டை இதற்காகத் தொடவே வேண்டாம். அது உயிரைக் காக்கும் பொருத்தம்.

பெரிய ஒயர்களில் கைவைக்கும் முன் கார் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். எரிந்துபோன ஃபியூஸுக்குப் பதிலாக அதைவிட அதிக ஆம்பியர் ஃபியூஸைப் போடாதீர்கள், ஏனெனில் அது ஒயர் தீப்பற்றாமல் காப்பதற்காக இருக்கிறது. பழுது நீங்கியபின் ஆம்பின் கெயினை, அதாவது உள்ளே வரும் ஒலியை எவ்வளவு பெருக்க வேண்டும் என்று திருகும் குமிழை, அடியோடு குறைத்து வைத்து இயக்கி, சப்வூஃபர் முழங்கத் தொடங்கிய பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.